தராசு யார் கையில்?

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பாதையில் இருக்கிறது காவலூர். சிற்றூர்தான், ஆனால் உலகெங்கும் உள்ள வானியல் அறிஞர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் என்ற கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. அது மறைக்குமுன்பே, விண்மீனின் ஒளி சில நொடி மங்கி, மீண்டும் தெளிந்தது. அந்தச் சிறு மங்கலைக் கண்டு பதிவுசெய்த வானாய்வு நிலையங்களுள் காவலூரும் ஒன்று. கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்ற உண்மை அதனால் வெளிப்பட்டது. 1986 ஜனவரி 6-ஆம் நாள் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி அங்கே திறந்து வைக்கப்பட்டது. நம் நாட்டவர் கையாலேயே உருவான கருவி அது.

கோடானுகோடி மைலுக்கு அப்பால் ஒளி ஒரு கணம் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மலையில் விளையும் சாமை மூட்டை மலையை விட்டு இறங்கும்போது எத்தனை கிலோ குறைகிறது, எத்தனை ரூபாய் குறைகிறது, குறைந்தது எந்தப் பையில் போய் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தோமா? அதற்கு ஆடியும் வேண்டாம், அணுவிஞ்ஞானமும் வேண்டாம். ஒரு தராசு போதும். ஒரு கணக்குப் புத்தகம் போதும். ஆனால் அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது? அந்தப் புத்தகத்தை யார் எழுதுகிறார்கள்? இதுதான் கேள்வி.

வியாபார நிர்வாகம் என்று சொன்னாலே நம் தோழர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "அது கம்பெனிக்காரன் சமாசாரம், கோட்டும் கழுத்துப் பட்டையும் மாட்டியவன் படிக்கிற பாடம், நமக்கெதற்கு?" என்கிறார்கள். நமக்கெதற்கு என்று நாம் ஒதுங்குவதுதான் கம்பெனிக்காரனுக்கு வேண்டியது! பூட்டின் சூத்திரம் தெரியாதவன் கதவை எத்தனை நாள் தட்டினாலும் கதவு திறக்காது. பெரிய கடைகளும் பெரிய கம்பெனிகளும் கையாளும் முறைகள் மந்திரமல்ல, மாயமல்ல. நான்கே நான்கு செய்திகள். அவற்றைத் தெரிந்துகொண்டு, பிறகு காவலூர்ப் பாதையில் ஏறிப் பார்ப்போம்.

கொள்முதலில் பிறக்கும் லாபம்

கடைக்காரன் விற்கும்போது லாபம் அடைகிறான் என்று நினைக்கிறோம். இல்லை. அவன் வாங்கும்போதே லாபம் அடைந்துவிடுகிறான்; விற்கும்போது அதை எண்ணிக்கொள்கிறான், அவ்வளவுதான். நூறு பேர் விற்க வந்து, வாங்குபவன் ஒருவனாக நின்றால், விலையை அவன்தான் சொல்வான். பெரிய கடைக் கம்பெனிகளின் வித்தை எல்லாம் இந்த ஒற்றை நிலையை உண்டாக்குவதில்தான் இருக்கிறது.

வால்மார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ஆம் ஆண்டு ஆர்க்கன்சா மாநிலத்தில் ராஜர்ஸ் என்ற சிறு நகரத்தில் அதன் முதல் கடை திறந்தது. மற்றப் பெரிய கம்பெனிகள் பட்டணத்தை நோக்கி ஓடியபோது, சாம் வால்டன் என்ற அதன் முதலாளி, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சிற்றூர்களை நோக்கிப் போனார். நடுவே ஒரு பெருங்கிடங்கு. அதிலிருந்து லாரி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் சுற்றிலும் கடைகள். அந்த வட்டம் நிரம்பினால் அடுத்த வட்டம். எந்தக் கடையில் எந்தச் சரக்கு எத்தனை தீர்ந்தது என்பது தலைமை நிலையத்துக்கு உடனுக்குடன் தெரியும். இப்படி ஆயிரக்கணக்கான கடைகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கொள்முதல். உற்பத்தியாளன் அந்த வாசலில் வந்து நிற்கும்போது, "என் விலை இது" என்று அவன் சொல்வதில்லை. "உன் விலை இது" என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கம்பெனிதான் 2018-ஆம் ஆண்டு, நம் நாட்டில் வளர்ந்த ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் பங்குகளில் 77 விழுக்காட்டை 1,600 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

இரண்டாவது, சுழற்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை வாங்கி அடுக்குகிறார். நூற்றுக்கு இருபது லாபம் வைக்கிறார். சரக்கு விற்றுத் தீர ஓராண்டு ஆகிறது. ஆண்டு முடிவில் அவருக்கு இருபதாயிரம். இன்னொருவர் அதே ஒரு லட்சத்தைப் போட்டு நூற்றுக்கு மூன்றே ரூபாய் லாபம் வைக்கிறார். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சரக்கு தீர்ந்து, அதே பணம் மறுபடி சரக்காகிறது. ஆண்டுக்கு இருபத்து நான்கு சுற்று; எழுபத்திரண்டாயிரம்! குறைந்த விலைக்கு விற்பவன் தர்மவான் என்று எண்ணி ஏமாறக்கூடாது. கூடுதல் விலைக்கு விற்பவன்தான் கெட்டிக்காரன் என்றும் எண்ணக்கூடாது. பணம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதைப் பார்ப்பவனே வியாபாரி. நூறு டாலருக்கு விற்றால் இரண்டு அல்லது மூன்று டாலர்தான் வால்மார்ட்டின் நிகர லாபம். அந்த இரண்டு மூன்றுதான் உலகத்தையே வளைக்கிறது.

மூன்றாவது, யாருடைய பணம் என்பது. சரக்கு கொடுத்தவனுக்கு அறுபது நாள் கழித்துப் பணம். சரக்கோ பதினைந்து நாளில் விற்று ரொக்கமாகிவிடுகிறது. மிச்சம் நாற்பத்தைந்து நாள் அந்தப் பணம் கடைக்காரன் கையில் வட்டியில்லாமல் விளையாடுகிறது. சரக்குக் கொடுத்த சிறு தொழிற்காரனோ அதே நாற்பத்தைந்து நாளும் வட்டிக்குக் கடன் வாங்கிக் கூலி கொடுக்கிறான். அதாவது, பெரிய கடையைச் சிறியவனின் பணம் நடத்துகிறது! இந்த அநியாயத்தைக் கண்டுதான் 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம், வாங்கிய சரக்குக்கு அதிக அளவாக 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. சட்டத்தை ஏட்டிலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவரப் பத்து வருஷத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. 45 நாள் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டு முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

நான்காவது, ஆள். 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடை ஒரு புதுமை செய்தது. வாங்க வருபவர் கூடையை எடுத்துக்கொண்டு தாமே அலமாரியிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். கடை ஆள் செய்த வேலையை வாடிக்கைக்காரரே செய்தார், கூலி மிச்சமாயிற்று. அன்று தொடங்கிய மிச்சம் பிடித்தல் இன்றும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்று சொல்லும்போது நிற்கிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். நம் நகரங்களின் பெரிய துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த ஆண்களும் பெண்களும் உட்கார ஒரு முக்காலி கேட்டுப் பெற எத்தனை ஆண்டு ஆயிற்று! கேரளம் 2018-இல் சட்டம் செய்தது. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. உட்காருவதற்கே ஒரு சட்டம்! கோடிக்கணக்கில் சரக்குச் சுழற்றத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு முக்காலியின் அவசியம் சட்டம் வந்துதான் தெரியவேண்டியிருந்தது.

கொள்முதல், சுழற்சி, பிறர் பணம், ஆள்: இந்த நான்கும்தான் பெரிய கம்பெனியின் நான்கு சக்கரங்கள்.

சக்கரம் கழன்ற கதை

இவற்றைத் தெரிந்தவன் எல்லாம் வென்றுவிடுவான் என்பதும் இல்லை. நம் கண்ணெதிரே நடந்த கதை ஒன்று உண்டு. 1997-ஆம் ஆண்டு சென்னையில் சுபிக்ஷா என்ற பெயரில் ஒரு மளிகைக் கடை தொடங்கியது. குளிர்சாதன ஆடம்பரம் இல்லை, அலங்காரம் இல்லை. குறைந்த விலை ஒன்றே விளம்பரம். நடுத்தர மக்களும் பாட்டாளிகளும் நம்பிப் போனார்கள். கடைகள் பெருகின. தமிழகம் முடிந்து அண்டை மாநிலங்கள், பிறகு வடக்கே டெல்லி, மேற்கே மும்பை என்று பறந்தது. 2008-ஆம் ஆண்டு கடைகளின் எண்ணிக்கை 1,600-ஐத் தாண்டியது. 2009-இன் தொடக்கத்தில் கதவுகள் இழுத்து மூடப்பட்டன.

என்ன ஆயிற்று? கடை திறக்கிற வேகத்துக்குக் கடன் தேவைப்பட்டது. கடன் கிடைக்கிற வரை கடை திறந்தது. உலக நிதி நெருக்கடி வந்து கடன் வாசல் அடைபட்டதும், நாள் செலவுக்கே கையில் ரொக்கம் இல்லை. சரக்குக் கொடுத்தவனுக்குப் பணம் இல்லை. ஆகவே சரக்கு வரவில்லை. சரக்கு இல்லாத கடைக்கு ஆள் வரவில்லை. ஆகவே பணம் வரவில்லை. வாடகை பாக்கி, சம்பளம் பாக்கி. சக்கரம் முன்னோக்கிச் சுழன்றபோது எவ்வளவு வேகமோ, பின்னோக்கிச் சுழன்றபோதும் அவ்வளவு வேகம்! ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஊதியமில்லாமல் தெருவில் நின்றார்கள். கடையை எங்கே திறப்பது என்று முடிவு செய்தபோது அவர்களைக் கேட்டவர் இல்லை. கணக்கை அவர்கள் பார்த்ததில்லை. விழுந்தபோது மட்டும் முதல் அடி அவர்கள் தலையில் விழுந்தது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. லாபம் வேறு, ரொக்கம் வேறு. ஏட்டில் லாபம் இருந்தும் பெட்டியில் ரொக்கம் இல்லாமல் செத்த கம்பெனிகள் ஏராளம். இது நிர்வாகப் பாடம். கணக்கு யார் கண்ணுக்குத் தெரியவில்லையோ அவர் தலையில்தான் நஷ்டம் இறங்கும். இது பாட்டாளிக்கான பாடம்.

மலையில் தலைகீழ்

இப்போது காவலூர்ப் பாதையில் ஏறுவோம். அதே பாதை மேலே ஜமுனாமரத்தூருக்குப் போகிறது. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. மலையாளிகள் என்று சொல்லப்படும் பழங்குடி மக்களின் மலை. மானாவாரிச் சரிவில் சாமை. மரத்தில் புளி, பலா, சீத்தா. காட்டில் தேன், கடுக்காய். விளைகிறதா என்றால், விளைகிறது. உழைக்கிறார்களா என்றால், உழைக்கிறார்கள். பிறகு ஏன் வறுமை? நாம் கண்ட நான்கு சக்கரங்களையும் இங்கே நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் தலைகீழாகச் சுற்றுகிறது.

பெரிய கடைக்காரன் நூறு பேரிடம் வாங்குகிறான். மலை உழவன் வீடு தேடி வந்த ஒருவரிடம் விற்கிறான். வண்டி பிடித்துச் சமவெளி மண்டிக்குக் கொண்டுபோனால் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கலாம்; ஆனால் இரண்டு மூட்டைக்காக ஒருவன் வண்டி பிடித்தால் கிடைத்த இரண்டு ரூபாயும் வண்டிக்கே போய்விடும். பெரியவனின் சரக்கு பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. மலை உழவனின் முதல் ஆண்டுக்கு ஒரே முறை, அறுவடையின்போது, எல்லோரும் விற்கிற அதே வாரத்தில், விலை விழுந்து கிடக்கிற அதே நாளில் ரொக்கமாகிறது. பெரியவன் சரக்கை வாங்கிவிட்டுப் பிறகு பணம் தருகிறான். இவனோ முன்பணத்தை வாங்கிவிட்டுப் பிறகு சரக்குத் தருகிறான். விதைக்கும்போது வாங்கிய கடன், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மருத்துவத்துக்கு வாங்கிய கடன்; கடன் கொடுத்தவரே வாங்குபவராகவும் இருந்தால், தராசின் முள் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவும் வேண்டுமோ?

நான்காவதாக உமி. சாமையை உமியோடு விற்றால் ஒரு விலை. உமி நீக்கிச் சாமை அரிசியாக விற்றால் வேறு விலை. பெண்கள் உரலில் குத்திக் குத்தித் தோள் ஓய்ந்த வேலை அது. குத்த முடியாத நிலையில் மூட்டை உமியோடு மலை இறங்குகிறது. சமவெளி ஆலையில் அரிசியாகிறது. பளபளக்கும் பையில் புகுந்து "சிறுதானியம், சத்துணவு" என்ற பட்டத்தோடு நகரத்துக் கடை அலமாரியில் உட்கார்ந்துகொள்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. பட்டணத்தில் சாமைக்கு மவுசு கூடியது, உண்மை. ஆனால் மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் சோளத்துக்கு இடம் உண்டு, கம்புக்கு உண்டு, கேழ்வரகுக்கு உண்டு, சாமைக்கு இல்லை. விழாவில் இடம், விலைப் பட்டியலில் இடமில்லை!

இது ஏதோ சில்லறைக் காசு விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். விளைந்த பொருளுக்கு விலை இல்லாதபோது மனிதன் எதை விற்பான்? தோளை விற்பான். தோள் வாங்க வருகிற தரகனுக்கும் முன்பணம்தான் தூண்டில். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் காவல்படையின் துப்பாக்கிக்கு இரையானார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது அரசு. செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். மரத்தை விற்றுக் கோடி குவிப்பவன் காட்டுக்கு வருவதில்லை. கூலிக்குப் போனவன்தான் திரும்பி வரவில்லை. சாமைக்கும் புளிக்கும் நியாயமான விலை ஊரிலேயே கிடைத்திருந்தால், அத்தனை பேரும் அந்த வண்டியில் ஏறியிருப்பார்களா? கடை நிர்வாகம் நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

நெசவாளி திறந்த கடை

"பாட்டாளிக்கு நிர்வாகம் வருமா?" என்று கேலி பேசுவோர் எக்காலத்திலும் உண்டு. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு நகரத்திலும் அப்படித்தான் பேசினார்கள். கூலி உயர்வு கேட்டுத் தோற்ற நெசவாளிகள், கலப்பட மாவையும் கள்ள எடையையும் சகித்துச் சலித்தவர்கள், 28 பேர் கூடினார்கள். வாரத்துக்குச் சில பென்னி என்று சேர்த்து 28 பவுன் முதல் திரட்டினார்கள். டிசம்பர் 21-ஆம் நாள் இரவு கடை திறந்தார்கள். மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவத்தி: இவ்வளவுதான் சரக்கு. தெருப் பையன்கள் வாசலில் நின்று சிரித்தார்கள்.

ஆனால் அந்த 28 பேரிடம் முதலைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. விதி இருந்தது. கடன் இல்லை, ரொக்கம்தான். எடை சரியாக இருக்கவேண்டும், பொருள் கலப்படமில்லாமல் இருக்கவேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. லாபம் பங்கின் அளவுக்கு அல்ல, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்குத் திருப்பித் தரப்படும். கணக்கு அங்கத்தினர் முன் வைக்கப்படும். சில ஆண்டுகளில், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை படிப்புக்கு என்று ஒதுக்கினார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் முழுவதும் அந்தச் சிறு கடையிலிருந்து வளர்ந்தது.

அந்த ஒளி கடல் கடந்து நம் சென்னைக்கும் வந்தது. ராச்டேல் கதையைப் படித்தவர்கள் 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடை அது. டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் சொல்வார்களே, அதுதான். 1935-இல் கைத்தறியாளருக்காகக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது.

உற்பத்தி செய்பவனே கம்பெனியையும் நடத்திய கதைக்குக் குஜராத்துக்குப் போகவேண்டும். கேடா மாவட்டத்துப் பாலை வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பும் ஏகபோகம் பால்சன் என்ற தனியார் கம்பெனியிடம் இருந்தது. 1946-ஆம் ஆண்டு உழவர்கள் பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பாலும் ஊற்ற மாட்டோம் என்று நின்றார்கள். நின்றதோடு விட்டிருந்தால் அது இன்னொரு வேலைநிறுத்தமாக முடிந்திருக்கும். அவர்கள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கம் கண்டார்கள். இரண்டு ஊர்ச் சங்கங்கள், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால். அவ்வளவு சிறிய தொடக்கம். 1949-இல் வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியாளர் ஆனந்த் நகருக்கு வந்து, பிறகு அவர்களோடு சேர்ந்தார். 1955-இல் எருமைப் பாலைப் பவுடராக்கும் ஆலை எழுந்தது. உபரிப் பால் கெட்டுப்போகும் காலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கவேண்டிய கட்டாயம் ஒழிந்தது. அதுதான் அமுல்.

அமுலின் வெற்றி விளம்பரத்தில் இருக்கிறது என்பார்கள். விளம்பரமும் உண்டு. ஆனால் அடிப்படை, ஊர்ச் சங்கத்தின் வாசலில் இருக்கிறது. பால் கொண்டுவந்தவர் கண்ணெதிரே அளவு, கண்ணெதிரே கொழுப்புச் சோதனை, அதற்குத் தக்க விலை, தாமதமில்லாத பட்டுவாடா. சாதி என்ன, எத்தனை மாடு என்ற பேச்சு இல்லை. வரிசையில் முதலில் நிற்பவர் பால் முதலில். அளவுகோல் அவர்கள் கைக்கு வந்தது. பிறகுதான் ஆலை வந்தது, பிராண்டு வந்தது. வாங்குபவர் கொடுக்கும் ரூபாயில் ஏறத்தாழ 80 பைசா பால் ஊற்றியவருக்குப் போகிறது என்பது அவர்களே சொல்லிவரும் கணக்கு. மலையில் உமியோடு மூட்டையை விற்கிறவனுக்கு ரூபாயில் எத்தனை பைசா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்துக் குறை

எல்லாக் கூட்டுறவும் இப்படி வென்றதா என்றால், இல்லை. அதையும் நாமே பேசியாகவேண்டும். பழங்குடி மக்களுக்குக் கடனும், இடுபொருளும், சந்தையும் ஒரே கூரையின்கீழ் தருவதற்குப் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கவேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பாவா குழு பரிந்துரைத்தது. லேம்ப்ஸ் என்று சொல்லப்படும் அந்தச் சங்கங்கள் நம் மலைகளிலும் வந்தன. நோக்கம் பொன்னானது. ஆனால் சங்கத்தின் முடிவுகள் அங்கத்தினரிடமிருந்து எழாமல் அலுவலகத்திலிருந்து இறங்கிய இடங்களில், மக்கள் அதை "நம் கடை" என்று சொல்லவில்லை. "ஆபீஸ்" என்று சொன்னார்கள். சங்கத்தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த சங்கங்கள் நம் மாநிலத்தில் எத்தனை! வேண்டியவருக்குக் கடன், கணக்கில் ஓட்டை, கிடங்கில் பூச்சி. முழக்கம் உரக்க ஒலித்த இடத்தில் கூடப் பேரேடு சரியாக எழுதப்படவில்லையென்றால் கடை மூடிப்போகும். தனியார் கம்பெனி திறமையால் வென்றது பாதி. நம் சங்கங்கள் கவனக்குறைவால் தோற்றது பாதி.

புதிய வழி ஒன்று 2002-ஆம் ஆண்டு திறந்தது. கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புது வகை சேர்க்கப்பட்டது. பத்து உழவர்கள் சேர்ந்தாலே கம்பெனி பதிவு செய்யலாம். உற்பத்தி செய்பவர்தான் பங்குதாரர். வெளியிலிருந்து எந்தச் சீமானும் பங்கை வாங்கி உள்ளே நுழைய முடியாது. பங்கு எவ்வளவானாலும் தனி அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. பங்குக்குத் தரும் வருவாய்க்கு வரம்பு உண்டு. மிச்சம், யார் எவ்வளவு சரக்குத் தந்தாரோ அதற்கேற்பப் போனசாகப் பிரியும். ராச்டேல் நெசவாளியின் விதி கம்பெனிச் சட்டத்துக்குள் ஏறியிருக்கிறது, தோழர்களே! 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு நாடெங்கும் இத்தகைய 10,000 அமைப்புகளை உருவாக்கத் திட்டம் வகுத்தது. ஜவ்வாது மலையிலும் பழங்குடி உழவரைப் பங்குதாரராகக் கொண்ட இத்தகைய நிறுவனம் ஜமுனாமரத்தூரில் இயங்குகிறது. சாமையை வாங்கிப் பக்குவப்படுத்தி விற்கும் வேலையில் மலைப்பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். வாழ்த்துவோம். வாழ்த்துவதோடு நிற்காமல், அது தழைக்க என்ன வேண்டும் என்றும் பார்ப்போம்.

வேண்டுவன ஐந்து

ஒன்று, தராசு. முத்திரையிட்ட தராசு ஊருக்கு ஊர் சங்கத்தின் சொத்தாக இருக்கவேண்டும். சரக்கை யாருக்கு விற்றாலும் முதலில் நம் தராசில் ஏறி, சீட்டு வாங்கிக்கொண்டு பிறகு போகட்டும். வெளி வியாபாரி மீது வசை பாடவேண்டாம். எடைச் சீட்டு ஒன்றே பேசும்.

இரண்டு, உமி நீக்கும் இயந்திரம். அது மலையிலேயே ஓடவேண்டும். உமி மலையில் தங்கினால் கூலியும் மலையில் தங்கும்.

மூன்று, அறுவடைக்கால ரொக்கம். சங்கம் எவ்வளவு நல்ல விலை சொன்னாலும், "பணம் அடுத்த மாதம்" என்றால் உழவன் இன்றைக்கே ரொக்கம் தருபவனிடம்தான் போவான். போவது அவன் குற்றமல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் சரக்கை இருப்பு வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடன் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது மலையடிவாரத்தோடு நின்றுவிடாமல் மலைமேல் ஏறவேண்டும். கிடங்கும் கடனும் கையில் இருந்தால், விலை விழுந்த வாரத்தில் விற்கவேண்டிய கட்டாயம் ஒழியும்.

நான்கு, நிலையான வாங்குபவர். தமிழ்நாட்டில் 30,000-க்கு மேற்பட்ட ரேஷன் கடைகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய கடைவரிசை எந்தக் கோடீசுவரனிடம் இருக்கிறது? மக்களுக்குச் சொந்தமான கடைவரிசை அது! 2023-ஆம் ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்கு ஆனது சாமைக்கு ஏன் ஆகக்கூடாது? முதலில் மலைமேல் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் வாரத்துக்கு ஒருநாள் சாமைச் சோறு போடட்டும். அந்தச் சாமை அந்த மலையின் சங்கத்திலிருந்தே வாங்கப்படட்டும். வாங்கப்போவது யார், எவ்வளவு என்பது விதைக்கும்போதே தெரிந்துவிட்டால், அதைவிடப் பெரிய வியாபாரத் திட்டம் வேறில்லை.

ஐந்து, கணக்கு. மாதம் ஒருமுறை, ஊர்ப் பொதுவிடத்தில், எல்லோருக்கும் புரியும் தமிழில், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கிடங்கில் சரக்கு இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, தரவேண்டியது இவ்வளவு என்று படிக்கவேண்டும். ஐந்தே வரி. அதைக் கேட்டுக் கேள்வி கேட்கத் தெரிந்த பத்துப் பெண்கள் இருக்கும் ஊரில் எந்தச் செயலாளரும் கைவைக்க மாட்டார். படித்துவிட்டு ஊரில் வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதவும், சரக்கு இருப்புப் பார்க்கவும் பயிற்சி கொடுத்துச் சங்கத்திலேயே சம்பளத்துக்கு வைக்கவேண்டும். இலவசமாக யாராவது பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பில்தான் பல சங்கங்கள் பாழாயின. நல்ல நிர்வாகிக்கு நல்ல சம்பளம் கொடுப்பது ஊதாரித்தனமல்ல.

காவலூருக்கு மட்டும் சொல்லும் பேச்சல்ல இது. ஆம்பூரில் தோல் பதனிடும் தோழர் இருக்கிறார்; அவர் சங்கம் நடத்தும் சிக்கன நாணயக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. சென்னையில் சுமை தூக்கும் தோழர் இருக்கிறார். அவர் தெருவில் கூட்டுறவுப் பண்டகசாலை இருக்கிறது. அவற்றின் ஆண்டறிக்கையை எத்தனை பேர் வாங்கிப் படித்தோம்? பொதுப்பேரவைக்கு அழைப்பு வந்தபோது எத்தனை பேர் போனோம்? போனவர்களில் எத்தனை பேர் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினோம்? முதலாளியின் கணக்கைக் காட்டு என்று கேட்பது நம் உரிமை. நம் சங்கத்தின் கணக்கைப் பார்ப்பது நம் கடமை. கடமையைச் செய்யாதவன் கேட்கும் உரிமைக்கு வலுவிருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானங்கள் நிறைவேறட்டும், கண்டனங்கள் முழங்கட்டும். அத்தோடு, உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கடைசி ஆண்டு வரவு செலவுக் கணக்கையும் கொண்டுவந்து நடுவில் வையுங்கள். ஒருவர் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். புரியாத வரியைப் புரியும்வரை கேட்கட்டும். பண்டகசாலையில் தராசு இருந்தால், போய் ஒரு கிலோ வாங்கி வேறிடத்தில் நிறுத்துப் பாருங்கள். ராச்டேல் நெசவாளி அதைத்தான் செய்தார். கேடாவின் பால்காரர் அதைத்தான் செய்தார். நாமும் அங்கிருந்து தொடங்குவோம்.